செவ்வந்திக்குத் தையல் போட்ட நாள்

செவ்வந்தி எங்கள் வீட்டுத் தங்கமீன். ஆறு வயது. முதுகுத் துடுப்புக்குக் கீழே மிளகளவு வெள்ளையாக ஏதோ தெரிந்ததும் பூஞ்சை என்று நானே முடிவுகட்டி, தொட்டியில் மெத்திலீன் ப்ளூ ஊற்றினேன். இரண்டு மாதத்தில் அது பட்டாணியளவு ஆகிவிட்டது. கால்நடை மருத்துவர்களைத் தேடி போன் செய்தால், "மீனா? நாங்க பார்க்கிறதில்லைங்க" என்றே பதில். நான்காவதாகப் பேசியவர்தான், "கொண்டு வாங்க, தொட்டித் தண்ணீரும் ஒரு பாட்டில் தனியா வேணும்" என்றார்.

மீனைத் தொடும் முன்பே தண்ணீரைத்தான் சோதித்தார். மீன் கழிவிலிருந்து வந்து செவுளைக் கெடுக்கும் அமோனியா இருந்தது. நான் ஊற்றிய மருந்து, ஃபில்டரில் அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவைக் கெடுத்திருக்கிறது. "இந்தச் செவுளோட மயக்கம் கொடுத்தா தாங்காது. முதல்ல தண்ணி சரியாகட்டும்" என்று திருப்பி அனுப்பினார். தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றி, அமோனியாவும் அது சிதைந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர மூன்று வாரம் பிடித்தது. அன்று அவசரப்பட்டுக் கத்தி வைக்காததற்கு அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

கட்டியை எடுக்கும் அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் தீனி போடக் கூடாது என்றார். போகும்போது மூடியுள்ள மூன்று வாளிகளில் தொட்டித் தண்ணீர்: மீன் வர ஒன்று, மயக்க மருந்து கலக்க ஒன்று, தெளிய வைக்க ஒன்று. மருந்தின் பெயர் ட்ரிகைன், வெள்ளைப் பொடி. அது தண்ணீரை அமிலமாக்கும் என்பதால் சமையல் சோடாவும் சேர்த்தார்கள். செவ்வந்தி கொஞ்ச நேரம் படபடத்தது, பிறகு சாய்ந்து மல்லாந்தது. வால் அடியைக் கிள்ளிப் பார்த்து, அசைவில்லை என்ற பிறகே வெளியே எடுத்தார்கள்.

நடுவில் பள்ளம் வெட்டிய ஈர ஸ்பாஞ்சில் படுக்கவைத்து, வாயில் சிறு குழாய். மருந்துத் தண்ணீர் வாய்வழியே போய்ச் செவுளில் வழிந்தபடியே இருந்தது. தண்ணீருக்கு வெளியேயும் மூச்சு அப்படித்தான் ஓடியது. மீனுக்கு இமை கிடையாதே, விளக்கு வெளிச்சம் படாமல் கண்மேல் ஈரத்துணி. வெட்டும் இடத்துச் செதில்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். பாதியில் செவுள் மூடியின் அசைவு நின்றுவிட்டது. உதவியாளர் உடனே குழாயை வெறும் தண்ணீருக்கு மாற்ற, மூடி மறுபடி அசையும்வரை எனக்கும் மூச்சு இல்லை.

மூன்று தையல். மீன் தோல் இழுத்தால் நீளாது, அதனால் ஓரத்தில் கொஞ்சம் திறந்தே விட்டார்.

தெளிய வைக்கும் வாளியில் நான்தான் பிடித்திருந்தேன். முன்பக்கமாக மட்டுமே மெல்ல நகர்த்தச் சொன்னார். பின்னால் இழுத்தால் செவுளுக்குக் கேடு. முதலில் செவுள், பிறகு வால், ஆறாவது நிமிடம் தானே நிமிர்ந்து என் விரலிடுக்கில் நழுவிப் போனது.

வீட்டில் தனித்தொட்டி. புண்வழியே தண்ணீர் உடலுக்குள் ஏறி மீனைக் களைப்பாக்கும் என்று லிட்டருக்கு 2 கிராம் உப்பு. மூன்று நாளுக்கொருமுறை முதுகுத் தசையில் ஆன்டிபயாடிக் ஊசி. மூன்று வாரம் கழித்து, சிறிது மயக்கத்தில் தையல் பிரித்தார்கள். பரிசோதனையில் சாதாரண நார்க்கட்டி என்று வந்தது. ஆனாலும் அதே இடத்தில் திரும்ப வரலாம், கவனிக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது தினமும் காலையில் தீனி போடும்போது அந்த இடத்தைப் பார்க்கிறேன். புண் ஆறிக் கறுத்த திட்டின் விளிம்பில் சின்னச் சின்னதாகச் செதில் வர ஆரம்பித்திருக்கிறது.