திரும்பி வந்த விண்ணப்பம்: செவிலியர் தொடர்கல்விக்கு அங்கீகாரம் பெற்ற அனுபவம்

நான் முதன்முதலாக எழுதிய அங்கீகார விண்ணப்பம் ஒரே ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: "இந்தப் பயிற்சி எந்த இடைவெளியை நிரப்புகிறது?"

படுக்கைப் புண் தடுப்பு பற்றிய ஒருநாள் பயிற்சி அது. பேச்சாளர்கள், நிகழ்ச்சி நிரல் எல்லாம் முடிவான பிறகுதான் படிவத்தை எடுத்தேன். இன்றைய நிலைக்கும் இருக்க வேண்டிய நிலைக்கும் உள்ள இடைவெளியைக் கேட்கும் கட்டத்தில் "செவிலியர்களின் அறிவை மேம்படுத்த" என்று எழுதியிருந்தேன். அதில் எங்கள் ஆசை மட்டுமே இருந்தது. வார்டில் இன்று என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

நாங்கள் பின்பற்றியது அமெரிக்கச் செவிலியர் சான்றளிப்பு மையத்தின் (ஏ.என்.சி.சி.) விதிகளை. குறை அறிவிலா, திறனிலா, நடைமுறையிலா என்று அவை பிரித்துக் கேட்கின்றன. பதில் தேடி நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டினேன். படுக்கைப் புண் வரும் அபாயத்தை ஆறு பிரிவுகளில் மதிப்பிடும் பிரேடன் அளவுகோலில் மொத்த மதிப்பெண்ணை எல்லோரும் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ஈரத்தன்மைப் பிரிவில் மதிப்பெண் குறைந்தவருக்கும் அசைவுப் பிரிவில் மதிப்பெண் குறைந்தவருக்கும் ஒரே பராமரிப்புத் திட்டம்! ஆறு பிரிவுகளைக் கூட்டத் தெரிந்திருந்தது. கூட்டியதைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் இல்லை. புண்ணின் நிலைகளை விளக்க ஒதுக்கியிருந்த அரைநாளை நீக்கிவிட்டு, நோயாளி விவரங்களைக் கொடுத்துப் பயிற்சி செய்ய வைத்தோம். அழைத்த பேச்சாளரிடம் அதைச் சொல்வது சங்கடமாகத்தான் இருந்தது.

கற்றல் விளைவை எழுதும்போது "புரிந்துகொள்வார்" என்ற வினையைத் தவிர்த்துவிடுங்கள். புரிந்ததை எப்படி அளப்பீர்கள்? "மதிப்பெண் குறைந்த பிரிவைக் கண்டறிந்து, அதற்குரிய இரண்டு பராமரிப்புச் செயல்களைத் தேர்ந்தெடுப்பார்" என்று எழுதியதும், கேள்வித்தாள் தானாகவே உருவாகிவிட்டது.

பயிற்சி நேரக் கணக்கு எளிது. 60 நிமிடம் ஒரு மணி. இடைவேளையும் உணவு நேரமும் சேராது.

நிதித் தொடர்பு அறிவிப்பில்தான் கவனம் வேண்டும். உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கும் ஒவ்வொருவரும், நோயாளிகளுக்கான மருத்துவப் பொருள்களைத் தயாரிக்கும் அல்லது விற்கும் நிறுவனங்களோடு கடந்த 24 மாதங்களில் இருந்த நிதித் தொடர்பைத் தெரிவிக்க வேண்டும். மூத்தவர்களிடம் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, கடைசி வாரம்வரை தள்ளிப்போட்டேன். பேச்சாளர் ஒருவர் புண்கட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றிடம் ஆலோசனைக் கட்டணம் பெற்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவருடைய ஸ்லைடு ஒவ்வொன்றையும் சரிபார்த்து, வணிகப் பெயர்களை நீக்கி, அந்தத் தொடர்பைப் பங்கேற்பாளர்களுக்கும் தெரிவிக்க வேண்டியிருந்தது. அழைப்புக் கடிதத்தோடே நிதித் தொடர்பு அறிவிப்புப் படிவத்தையும் அனுப்பிவிடுங்கள்.

மதிப்பீட்டில் "பயிற்சி பிடித்திருந்ததா?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். பயிற்சிகளை மதிப்பிட 1959-இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் முன்வைத்த நான்கு நிலைகளில் அது முதல் நிலைதான். மூன்றாவது நிலை, கற்றது வேலையில் தெரிகிறதா என்பது. அதற்காக மூன்று மாதம் கழித்து அதே பதிவேடுகளை மீண்டும் பார்த்தோம். பகல் பணி நேரப் பதிவுகளில் பிரிவுவாரியான திட்டங்கள் வந்திருந்தன. இரவு நேரப் பதிவுகளில் பெரும்பாலும் பழைய ஒற்றை வரியே தொடர்ந்தது. அடுத்த விண்ணப்பத்தில் இடைவெளிக்கான கட்டத்தை அதைக் கொண்டே நிரப்பினேன்.