ஒரு வழியா சிபியூவ ஓவர்கிளாக் பண்ணியாச்சு

ஓவர்கிளாக்னா சிபியூவ, அதாவது கம்ப்யூட்டரோட மூளைய, கம்பெனி வச்ச ஸ்பீட விட வேகமா ஓட்டுறது. ரெண்டு வருஷமா பயந்துட்டே இருந்தது, நேத்து நைட்டு துணிஞ்சி பயோஸ்குள்ள (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது போற அடிப்படை செட்டிங்ஸ்) போயிட்டேன். என்கிட்ட இருக்குறது ஏஎம்டியோட ரைசன் 5 3600 சிபியூ, பேஸ் ஸ்பீடு 3.6 கிகாஹெர்ட்ஸ், தானா பூஸ்ட் ஆனா ஒண்ணு ரெண்டு கோர் மட்டும் 4.2 வரைக்கும் போகும். விஷயம் சிம்பிள்தான், 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்க ஒரு மல்டிப்ளையர் பெருக்குது, 40ன்னு வச்சா 4.0 கிகாஹெர்ட்ஸ். (இன்டெல்காரங்க பேருக்குப் பின்னாடி கே இருக்கான்னு பாத்துக்கோங்க, இல்லன்னா பெரும்பாலும் மல்டிப்ளையர் பூட்டிதான் இருக்கும், மாத்த முடியாது.)

வோல்டேஜ 1.3ல நிறுத்திட்டு 40, 41ன்னு ஒவ்வொரு படியா ஏத்தி, ஒவ்வொரு தடவையும் சினிபெஞ்ச் (சிபியூவுக்கு முழு வேல குடுத்து சோதிக்கிற சாஃப்ட்வேர்) ஓட்டி டெம்பரேச்சர் பாத்தேன். 41ல 82 டிகிரி, இந்த மே மாச வெக்கைல ரூமே 35ல இருக்கு, அதுக்கு இது பரவால்ல. பேராச புடிச்சி 43 வச்சேன் பாருங்க, ஸ்க்ரீனே வரல. ஃபேன் மட்டும் சுத்துது, எனக்கு வயித்த கலக்கிருச்சு. அப்புறம் பவர் ஒயர புடுங்கிட்டு போர்டுல காசு மாதிரி இருக்குற பேட்டரிய கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சி மாட்டுனதும் பயோஸ் செட்டிங் எல்லாம் ரீசெட் ஆகி பழையபடி உசுரு வந்துச்சு.

ஸ்பீட ரொம்ப ஏத்துனா பெரும்பாலும் கிராஷ்தான் ஆகும், ஆனா வோல்டேஜ்ல மட்டும் வெளாடாதீங்க, சூடு வோல்டேஜோட வர்க்கத்துக்கு (ஸ்கொயர்) ஏத்த மாதிரி எகிறும், சிப்பு ஆயுசும் குறையும்.

இப்ப எல்லா கோரும் 4.1ல ஓடுது. கேம்ல பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியல, வீடியோ ரெண்டர்தான் கொஞ்சம் சீக்கிரம் முடியுது.