மூணாவது ஹலோ

மருமகள் அவள் அம்மாவிடம் போனில் பேச ஆரம்பித்தால் நான் மிக்ஸியைப் போட்டுவிடுவேன். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு மூடி தேங்காயாவது உள்ளே விழும். மும்பையில், எங்கள் செம்பூர் ஃபிளாட்டில் சமையலறைக்கும் அவர்கள் படுக்கையறைக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான். கதவைச் சாத்தினாலும் பேச்சு வந்துவிடும். "எதுக்கு அத்தை தினம் இவ்வளவு சட்னி?" என்று ஒருநாள் கேட்டாள். உளுந்து வடைக்கு நல்லா இருக்குமே என்று எதையோ சொல்லி வைத்தேன். அன்றைக்கு வடை வேறு சுட வேண்டியதாகிவிட்டது.

நாற்பது வருஷ டெலிபோன் உத்தியோகத்தின் மிச்சம் இது. 1976-ல், இருபது வயதில், பம்பாய் கோட்டைப் பகுதியில் டிரங்க் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன், வெளியூர்ப் போன்களை இணைத்துக் கொடுக்கிற வேலை. அப்போது தபால் தந்தித் துறை. 1986 ஏப்ரலில் அது எம்.டி.என்.எல். என்ற அரசு டெலிபோன் கம்பெனி ஆனபோது வாசல் போர்டு மாறியது, உட்கார்ந்த நாற்காலி மாறவில்லை.

ஒவ்வொருத்தி முன்னாலும் ஆள் உயரப் பலகை. மேலே வரிசை வரிசையாகத் துளைகள், கீழே ஜோடி ஜோடியாக பிளக் வைத்த ஒயர்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு குட்டி விளக்கு, ஒரு கீ. கீயைத் தள்ளினால் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும், நம் குரலும் அங்கே போகும். நேராக நிறுத்திவிட்டால் நாம் வெளியே. பயிற்சி கொடுத்த மராட்டிக்காரம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இந்தப் பக்கம் ஒரு ஹலோ, அந்தப் பக்கம் ஒரு ஹலோ. மூணாவது ஹலோ உன் காதுல விழுந்தா நீ திருடி."

180-க்குப் போன் செய்து கால் புக் பண்ணிவிட்டு ஜனங்கள் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். ஆர்டினரி கால் என்றால் எப்போது கிடைக்கும் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. அர்ஜென்ட்டுக்கு இரட்டிப்புக் காசு, லைட்னிங் காலுக்கு எட்டு மடங்கு. லைட்னிங் வந்தால் ஒன்று சாவு, இல்லாவிட்டால் வியாபாரம். கணக்கு மூன்று நிமிஷம் மூன்று நிமிஷமாக ஓடும். திருநெல்வேலி எக்ஸ்சேஞ்சில் ஒரு அக்கா இருந்தாள். பதினோரு வருஷம் குரல் மட்டும்தான் பழக்கம். லைன் கிடைக்கிற இடைவெளியில் "ஆத்துல தண்ணி ஓடுதாக்கா?" என்பேன். "கல்மண்டபம் முங்கிட்டுல்லா" என்பாள். எனக்கு அது போதும், அந்த வாரம் ஊருக்குப் போய்வந்த மாதிரி.

நான் திருடியதும் உண்டு. மாட்டுங்காவிலிருந்து ஒரு பையன், வள்ளியூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு பி.பி. கால், அதாவது இன்னாரைக் கூப்பிடு என்று பேர் சொல்லிப் போடுகிற கால். யாரோ வீட்டுப் போனுக்கு அவன் அம்மாவைக் கூட்டிவந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் போனே பிடித்ததில்லை போல, வள்ளியூரிலிருந்து பம்பாய்க்கு நேரடியாகக் கேட்கட்டும் என்பதுபோல் கத்துகிறாள். "கத்தாதம்மா, கேக்கு" என்று இவன் கெஞ்சுகிறான். விஷயம் ஒரு எருமை. கறவை நின்றுவிட்டது, விற்கலாமா, அடுத்த ஈற்று வரைக்கும் பார்க்கலாமா. சித்தப்பா விற்கச் சொல்கிறாராம், அவளுக்கு மனசில்லை. நான் கீயை நேராக்காமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று நிமிஷம் ஆனது. நீட்டிக்கட்டுமா என்று கேட்டேன், பையன் காசில்லை என்றான்.

1993 மார்ச் 12, வெள்ளிக்கிழமை. பம்பாயில் வரிசையாகக் குண்டு வெடித்த நாள். எங்கள் கட்டிடத்திலிருந்து பங்குச்சந்தை கூப்பிடு தூரம். மதியம் ஒன்றரை வாக்கில் அங்கே வெடித்ததில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில், தாங்களே நேராக வெளியூர் நம்பரைச் சுழற்றுகிற எஸ்.டி.டி. கிடைக்காதவர்களெல்லாம் டிரங்கில் வந்து விழுந்தார்கள். பலகை முழுக்க விளக்கு. அன்றைக்கு மூன்று நிமிஷம் யாருக்கும் தேவைப்படவில்லை. "இருக்கேன்" என்று ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு மூச்சு, போனை வைத்துவிட்டார்கள். இரவு ஏழு மணிக்கு மேல்தான் என் வீட்டுக்குப் பேச முடிந்தது. மாமியார் எடுத்து, "பிள்ளைங்க வந்துட்டு" என்று சொல்லி டக்கென்று வைத்துவிட்டார். அவருக்கு எந்தப் போனும் காசு.

அந்த நாளில் போன் கனெக்‌ஷனுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இலாகாவில் வேலை என்பதால் எங்கள் வீட்டில் இருந்தது. அதனால் மொத்தக் கட்டிடத்துக்கும் எங்கள் ஹால்தான் டெலிபோன் பூத். எட்டு வயசில் என் மகன், மூன்றாவது மாடி அம்மாள் மகளுக்கு வந்த வரன் தட்டிப்போன கதையைக் கீழே கிரிக்கெட் ஆடும் இடத்தில் ஒலிபரப்பிவிட்டான். அவன் அப்பா கையை ஓங்கினார். நான் வேண்டாம் என்றேன். ஒரு மாசத்துக்கு யார் பேச வந்தாலும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்க வேண்டும். மழை மாசம் அது. நனைந்துகொண்டே நின்றான். இப்போது யோசித்தால் அடித்தே இருக்கலாம்.

மகளுக்கு இருபத்தொரு வயசு, 2003. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் போன் வரும். அவள் சொல்கிற ஹலோவிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனேன். "யாருடீ அது?" என்றார் இவர். "ஹலோ நல்லாத்தான் இருக்கு, தூங்குங்க" என்றேன். நாலு மாசம் கழித்து அவளாகவே வந்து சொன்னாள். மராட்டிப் பையன், இப்போது புனேயில் இருக்கிறார்கள். தெரிந்தும் சொல்லவில்லையே என்று இவருக்குக் கடைசிவரை என்மேல் ஒரு குறை இருந்தது.

இதையெல்லாம் ரொம்ப நாள் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். செம்பூர் பூங்காவில் சாயங்காலம் கூடுகிற எங்கள் பென்ஷன் கூட்டத்தில், மருமகள் யாரிடம் பேசினாள் என்ன பேசினாள் என்று புலம்புகிறவர்களுக்கு நான்தான் உபதேசம். ஆனால் 2009-ஐ நான் அவர்களிடம் சொன்னதில்லை.

அந்த வருஷம் மகனுக்கு வேலை போயிற்று. மூன்று மாசம் எங்களிடம் சொல்லாமல், காலை எட்டரைக்கு டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பிப் போவான். வாஷி வரைக்கும் போய் ஏதோ ஒரு மாலில் உட்கார்ந்திருப்பானாம். சாயங்காலம் வந்து "அம்மா" என்று கூப்பிடுவதில் ஒரு இறக்கம். இரண்டாவது நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, லைனில் ஏதோ கோளாறு. இருந்தும் கேட்கவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று டப்பாவில் இன்னொரு சப்பாத்தி சேர்த்து வைத்தேன். சொன்னபோது அவன் எட்டு கிலோ இளைத்திருந்தான். "நீ கேப்பன்னு தினம் நெனச்சேன்மா" என்றான்.

அன்று ராத்திரிதான் பயிற்சியின் மறுபாதி ஞாபகம் வந்தது. கீயை நேராக்கிவிட்டு ஒரேயடியாகப் போய்விடக் கூடாது. நடுநடுவே உள்ளே வந்து, "பேசுறீங்களா?" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். லைன் அறுந்துபோய் இரண்டு பக்கமும் வெறும் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பது அப்படிக் கேட்டால்தான் தெரியும். பலகையில் நாற்பது தடவை செய்ததை வீட்டில் ஒரு தடவை செய்யத் தோன்றவில்லை.

போன வாரம் மருமகள் பேசி முடித்துக் கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது. மிக்ஸியை நிறுத்தினேன்.

"லைன் சரியா இருந்துதாம்மா?"

கொஞ்சம் நின்றாள். "அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் பண்ணணுமாம் அத்தை. பயப்படுறாங்க." வேறு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வழித்து வைத்த தேங்காயை இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்து நாள் போய் இருந்துவிட்டு வா, பேரனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இப்போது அவள் ஊரில். பேரனுக்குத் தூங்கும்போது கதை வேண்டும். ராஜா கதை தீர்ந்து நேற்று எருமைக் கதைக்கு வந்தேன். அந்த அம்மாள் கத்தியதுபோல் கத்திக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"எருமைய வித்தாங்களா ஆச்சி?"

"தெரியலடா. மூணு நிமிஷம் முடிஞ்சிட்டு."