சுண்டெலியின் சிறுநீரகத்தில் மூப்புற்ற செல்களைத் தேடி

இரண்டு தட்டுகளும் நீலமாக இருந்தன. ஒன்றில் 3 மாதச் சுண்டெலியின் சிறுநீரகம், மற்றதில் 24 மாதக் கிழத்தின் சிறுநீரகம். பின்னது மனிதக் கணக்கில் எழுபதை ஒட்டிய வயது. இளசில் நீலம் வரவே கூடாது என்று நம்பியிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட வேலை, கிழ உறுப்பில் மூப்புற்ற செல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடம் போடுவது. பிரிவதை அடியோடு நிறுத்திவிட்டும் சாகாமல் தங்கிவிடும் செல்கள் இவை. அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்து அக்கம்பக்கத்தையும் கெடுக்கின்றன. செல் பிரிவதைத் தடுக்கும் பி16 மரபணு இயங்கும் இத்தகைய செல்களை அழித்தால் சுண்டெலிகளுக்கு முதுமைக் கோளாறுகள் தள்ளிப்போகின்றன என்று 2011இல் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த அன்றே இந்தத் துறைதான் என்று முடிவெடுத்தேன்.

இந்தச் செல்களை நீலமாகக் காட்டும் சாயமுறை 1995இல் வந்தது. பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி, செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமில், பி.எச். 4 அளவில் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) நன்றாக வேலை செய்யும். பி.எச். 6க்கு ஏற்றினால் சாதாரணச் செல்களில் அதன் வேலை கண்ணுக்குத் தெரியாது. லைசோசோம் பெருத்த மூப்புற்ற செல்கள் மட்டும் நீலமாகும். எல்லாமே அந்த 6இல்தான் நிற்கிறது.

மருந்தா, எலியா, பெயர்ச்சீட்டு மாறிவிட்டதா என்று இரண்டு வாரம் தேடினேன். கடைசியில் ஒரு பி.எச். தாளைக் கரைசலில் நனைத்தபோதுதான் புரிந்தது. செல் வளர்க்கும் இன்குபேட்டரில் தட்டுகளை இரவு முழுக்க வைத்திருந்தேன். அதிலுள்ள 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு கரைந்து கரைசலை அமிலமாக்கியிருந்தது; அதனால் சாதாரணச் செல்களும் நீலமாகிவிட்டன. அன்றிலிருந்து வாயு இல்லாத 37 டிகிரி அடுப்புதான். கரைசல் வற்றாதபடி தட்டின் ஓரங்களை இறுக்கிச் சுற்றிவிடுவேன்.

அப்படியும் இளஞ்சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் கொஞ்சம் நீலம் எஞ்சியது. அங்குள்ள செல்களுக்கு இயல்பாகவே லைசோசோம் அதிகம், கழிவை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோபேஜ்களுக்கும் அப்படித்தான். நீலத்தை மட்டும் நம்பிப் போடும் வரைபடத்தை நான் ஏற்கமாட்டேன்.

பி16 புரதத்தை, அதில் ஒட்டி ஒளிரவேண்டிய ஆன்டிபாடியால் பிடிக்கப் பார்த்தேன். அந்த மரபணுவே நீக்கப்பட்ட சுண்டெலியின் திசுவிலும் அது ஒளிர்ந்தது; அதாவது வேறு எதிலோ ஒட்டுகிறது. அந்தச் சோதனையை முதல் வாரமே செய்திருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். புதிதாக வருபவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். பிறகு திசுவிலேயே பி16 ஆர்.என்.ஏ.வைப் புள்ளிகளாகக் காட்டும் முறைக்கு மாறினேன். கிழத் திசுவில் தேங்கும் லிபோஃபசின் என்ற கழிவு நிறமி எந்த நிற ஒளியிலும் தானாக மின்னித் தொல்லை தரும். சூடான் பிளாக் சாயம் போட்டு அதை அடக்கினேன்.

இப்போது புள்ளிகள் இருக்கும் செல்லின் உட்கருவில் லாமின் பி1 என்ற உட்கரு உறைப் புரதம் மங்கியிருக்கிறதா, செல் பிரிவதைத் தடுக்கும் இன்னொரு புரதமான பி21 தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். எல்லாம் ஒத்துப்போகும் செல்கள் ஒரு ஸ்லைடில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நேற்று கிடைத்தவை இரண்டு. ஒரு நுண்குழாயின் சுவரில் அடுத்தடுத்து இருந்தன. அவற்றைச் சுற்றி மட்டும் நோயெதிர்ப்புச் செல்கள் நெருக்கியடித்து நின்றன. இடத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த ஸ்லைடை எடுத்தேன்.