ரீமேப் செய்த காரும் ஒரு பழைய ஜாப் கார்டும்

என் காரில் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கெட்டுப்போனதற்கு 71,400 ரூபாயை என் கையிலிருந்து கட்டினேன். அது திரும்பி வராது, கேட்பதற்கு எனக்கு வாயும் இல்லை. ஸ்டியரிங்குக்கு ஓசூர் சர்வீஸ் சென்டர் கேட்ட 58,000 ரூபாயை மட்டும் கட்டவில்லை. அதற்காக நவம்பர் முதல் ஜனவரி வரை தருமபுரிக்கும் ஓசூருக்கும் நான்கு முறை அலைந்தேன். அதில் இரண்டு பயணங்கள் முழுக்க வீண். அந்த இரண்டையும் நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கார் 1.5 லிட்டர் டர்போ டீசல். 2022 ஆகஸ்டில் 13 லட்சத்துக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கினேன். மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரன்ட்டி. வாரத்தில் மூன்று நாள் சேலம் போய்த் திரும்புகிறவன் நான். திரும்பும் வழியில் தொப்பூர் ஏற்றம் வரும். நான்கு பேர் உட்கார்ந்து ஏசியும் ஓடினால், முன்னால் ஊர்ந்து போகும் லாரியைத் தாண்டுவதற்குள் வண்டி மூச்சு வாங்கும். அதனால்தான் 2024 மார்ச்சில் பெங்களூரில் ஒரு பட்டறையில் ரீமேப் செய்தேன். வண்டியின் கோளாறு விவரங்களைப் படிக்க இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் கம்பியை மாட்டி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவிலிருந்த கம்பெனி கோப்பை எடுத்துவிட்டு, டர்போ அழுத்தத்தையும் டீசல் அளவையும் கூட்டிய வேறொரு கோப்பை ஏற்றினார்கள். இரண்டு மணி நேர வேலைக்கு 28,000 ரூபாய். புகை மாசைக் குறைக்கும் பாகங்களான ஈஜிஆரையும் டிபிஎஃப்பையும் முடக்கித் தருவதாகச் சொன்னார்கள். பிஎஸ் 6 வண்டியில் அவற்றில் கை வைப்பது புகை விதிகளையே மீறுவது என்பதால் வேண்டாம் என்றேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் புத்தி இருந்தது.

"பில் வேண்டாம் சார், பில் இருந்தால்தான் பின்னால் உங்களுக்குச் சிக்கல். சர்வீசுக்கு முன்னால் ஒரு போன் செய்யுங்கள், பழைய கோப்பை ஏற்றித் தருகிறேன். ஒருவருக்கும் தெரியாது" என்றார் பட்டறைக்காரர். நானும் தலையாட்டிவிட்டு யுபிஐயில் பணத்தை அனுப்பினேன்.

எட்டு மாதம் வண்டி நான் நினைத்தபடியே ஓடியது. இடையில் வந்த 30,000 கிலோமீட்டர் சர்வீசுக்கு ரீமேப்போடேயே விட்டேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. அது எனக்குத் தவறான துணிச்சலைக் கொடுத்துவிட்டது. அந்த சர்வீசின்போது, திருப்பும்போது ஸ்டியரிங்கில் கேட்கும் 'கடக்' சத்தம் அதிகமாகியிருக்கிறது என்று வாய்வார்த்தையாகச் சொன்னேன். "பார்த்துவிட்டோம் சார், ஒன்றும் இல்லை" என்றார்கள். சர்வீசுக்கு விடும்போது குறைகளைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் எழுதவில்லை, நானும் எழுதச் சொல்லவில்லை.

நவம்பரில், 34,000 கிலோமீட்டரில், தொப்பூர் ஏற்றத்தின் நடுவில் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுவையே இல்லை, பின்னால் கரும்புகை. மூன்றாவது கியரில் ஊர்ந்து ஊர் வந்து சேர்ந்தேன். நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் மாமா ஸ்கேனரை மாட்டினார். பி0299 என்று வந்தது. டர்போ அழுத்தம் போதவில்லை என்பதற்கான குறியீடு அது. காற்றுக் குழாயைக் கழற்றி டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"தண்டில் ஆட்டம் இருக்கிறது மாப்பிள்ளை. ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே இழுவை வண்டியில் ஏற்றி அனுப்பு. எதையும் அழிக்காதே. ரீமேப் செய்ததையும் நீயே சொல்லிவிடு."

மாமா சொன்னது ஒவ்வொன்றும் சரி. நான் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பெங்களூர் போனேன். டர்போ சீல் போய் இன்ஜின் ஆயில் உள்ளே கசிந்தால், சாவியை அணைத்தாலும் டீசல் இன்ஜின் அந்த ஆயிலைக் குடித்தே தறிகெட்டு ஓடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. நல்லவேளை, அப்படி ஆகவில்லை. பட்டறையில் கம்பெனி கோப்பைத் திரும்ப ஏற்றி, பிழைக் குறியீடுகளை அழித்துக் கொடுத்தார்கள். அங்கிருந்து நேராக ஓசூர் சர்வீஸ் சென்டர்.

சர்வீஸ் அட்வைசர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். "இன்ஜினில் வெளியே ஏதாவது மாற்றம் செய்திருக்கிறீர்களா சார்?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அடுத்த இரண்டு மாத அலைச்சலும் அந்த ஒரு சொல்லிலிருந்து வந்ததுதான். அரை மணி நேரம் கழித்து மடிக்கணினியோடு திரும்பி வந்தார்.

"குறியீடுகளை அழித்து 41 கிலோமீட்டர்தான் ஆகிறது சார். காலையில் எங்கே போயிருந்தீர்கள்?"

குறியீடு அழிந்தாலும், அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை ஓபிடி தனியாகக் கணக்கு வைத்திருக்கிறது. போதாததற்கு, ஈசியூவில் எத்தனை முறை கோப்பு எழுதப்பட்டது, கடைசியாக என்றைக்கு எழுதப்பட்டது என்பதும் என் வண்டியில் பதிவாகியிருந்தது. "உள்ளே இருப்பது கம்பெனி கோப்புதான் சார். ஆனால் அதை ஏற்றியது எங்கள் ஆட்கள் இல்லை" என்றார். 'ஒருவருக்கும் தெரியாது' என்று சொல்லும் பட்டறைக்காரர்களை இனியாவது நம்பாதீர்கள். எந்த வண்டி எதைப் பதிவு செய்து வைக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். வெளியே இருக்கும் நமக்கு அது தெரிய வழியில்லை.

வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்பினேன். மூன்றாம் நாள் போன் வந்தது. டர்போவுக்கும் ஸ்டியரிங்குக்கும் சேர்த்து 1,29,400 ரூபாய் மதிப்பீடு. வாரன்ட்டி மொத்தமும் ரத்தாம். டர்போவுக்கு மறுத்தது புரிந்தது. ஸ்டியரிங் மோட்டாருக்கும் நான் கூட்டிய டீசலுக்கும் என்ன தொடர்பு? கேட்டால், "சிஸ்டத்தில் வண்டியையே முடக்கிவிட்டார்கள் சார்" என்பதுதான் பதில்.

அன்றிரவு வாரன்ட்டி புத்தகத்தை முதல் முறையாக முழுவதும் படித்தேன். என் புத்தகத்தில் இருந்தது, மாற்றம் செய்ததால் பாதிக்கப்பட்ட பாகங்களுக்கு வாரன்ட்டி பொருந்தாது என்பது மட்டுமே. வண்டி முழுவதற்கும் போய்விடும் என்று எங்கும் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கும், ஆகவே உங்கள் புத்தகத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பெங்களூர் பட்டறைக்காரரோ போனில், "குறைக்குக் காரணம் ரீமேப்தான் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும், அதற்குச் சட்டமே இருக்கிறது" என்று அடித்துச் சொன்னார். விசாரித்தால் அவர் சொன்னது 1975-இல் அமெரிக்காவில் வந்த மேக்னசன்-மாஸ் வாரன்ட்டி சட்டம். ஓசூர் மேசையில் அதற்கு என்ன மதிப்பு இருக்கிறது? இங்கே நமக்கு இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அதைப் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

இரண்டாவது பயணம் மறுப்பை எழுத்தில் வாங்குவதற்காக. காலை பத்தரைக்குப் போனேன். எழுதித் தர அட்வைசருக்கு அதிகாரம் இல்லை. மேலாளர் கூட்டத்தில் இருந்தார். மாலை நான்கு மணிக்கு வெளியே வந்தவர், "நாங்கள் எழுதித் தருவதில்லை, வாயால் சொன்னதே போதும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். இரண்டு ஆண்டுக்கு மேலாகக் காசு கட்டி சர்வீஸ் செய்த இடம் அது. ஒரு வரி எழுதித் தரக்கூடவா மனம் வராது?

தருமபுரி நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கும் அண்ணன் ஒருவரிடம் போனேன். முதலில் என்னைத்தான் கடிந்துகொண்டார். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182-ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. "இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காவது ரீமேப் செய்ததைச் சொன்னாயா?" என்று கேட்டார். சொல்லவில்லை. ஒரு விபத்து நடந்திருந்தால் அங்கேயும் கைவிரித்திருப்பார்கள் என்றார். பிறகுதான் காரியத்துக்கு வந்தார்.

"டர்போவை மறந்துவிடு. ஸ்டியரிங் கோளாறு ரீமேப்புக்கு முன்பே இருந்தது என்று காட்ட ஏதாவது காகிதம் இருக்கிறதா?"

இருந்தது! 2024 பிப்ரவரியில், 20,000 கிலோமீட்டர் சர்வீசின்போது, இதே சத்தத்தைச் சொல்லி ஜாப் கார்டில் எழுத வைத்தது ஞாபகம் வந்தது. வீட்டில் தேடினால் கார்டைக் காணோம். நகல் கேட்டு மூன்றாவது முறை ஓசூர் போனேன். "சாப்ட்வேர் மாறிவிட்டது, பழைய ஜாப் கார்டுகள் வராது" என்றார் கணக்குப் பிரிவில் இருந்தவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. எந்தத் தேதி, எந்த எண் என்றுகூடக் கேட்கவில்லை. வெளியே வந்தபோது என் வண்டி தூசி படிந்து சுவரோரம் நின்றிருந்தது. நாளொன்றுக்கு 200 ரூபாய் நிறுத்தக் கட்டணம் சேர்ந்துகொண்டிருப்பதாகவும் அன்றுதான் சொன்னார்கள்.

கார்டைக் கண்டுபிடித்தவர் என் மனைவி. நகைக் கடன் சீட்டுகளை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டாக மடித்துக் கிடந்தது. 'திருப்பும்போது ஸ்டியரிங்கில் சத்தம் - பரிசோதிக்கவும்'. கீழே தேதி, கிலோமீட்டர், அவர்களுடைய ஆளின் கையெழுத்து. அப்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் கார்டு பாதிதான். ரீமேப் அதற்குப் பிறகுதான் நடந்தது என்று காட்ட வேண்டுமே. பில் இல்லை. கைகொடுத்தது யுபிஐ ரசீது. 2024 மார்ச், 28,000 ரூபாய், பட்டறையின் பெயர். மறைக்கப் பார்த்த விஷயத்தை நானே ஒப்புக்கொண்டு, அதையே சாட்சியாக வைக்க வேண்டியதாயிற்று.

அண்ணன் சொல்லச் சொல்ல ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினேன். ரீமேப் செய்தேன், முதலில் இல்லை என்று சொன்னது என் தவறு, டர்போவுக்கு வாரன்ட்டி கேட்கவில்லை. ஸ்டியரிங் கோளாறு ரீமேப்புக்கு முன்பே உங்கள் ஜாப் கார்டில் இருக்கிறது, அதை மாற்றித் தாருங்கள். மறுப்பதானால் புத்தகத்தின் எந்த வரிப்படி என்று எழுதித் தாருங்கள். நிறுத்தக் கட்டணம் செல்லாது. இதை மின்னஞ்சலில் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும், ஸ்பீடு போஸ்டில் ஓசூருக்கும் அனுப்பினேன். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் உடனே கிடைத்தது. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

அடுத்த படிக்கும் தயாராகத்தான் இருந்தேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். ஓசூருக்கோ கம்பெனி இருக்கும் ஊருக்கோ போக வேண்டியதில்லை. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். என் காரின் விலைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். கோளாறு தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனுவை அண்ணன் தட்டச்சு செய்தே வைத்திருந்தார்.

தேவைப்படவில்லை. பதினெட்டாம் நாள் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. டர்போவுக்கு மறுப்பு. ஸ்டியரிங் முழுவதும் வாரன்ட்டியில். இன்ஜின், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் தவிர மற்ற பாகங்களுக்கு வாரன்ட்டி தொடரும். நிறுத்தக் கட்டணம் இல்லை. வாயால் சொன்னதே போதும் என்ற மேலாளரின் பெயரும் நகல் பெறுவோரில் இருந்தது. அதை இரண்டு முறை படித்தேன்.

நான்காவது பயணத்தில் பணம் கட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். கழற்றிய டர்போவையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது இப்போது மாமாவின் பட்டறையில் இருக்கிறது. ரீமேப்தான் அதைக் கெடுத்ததா, ஏற்றம் ஏறி முடித்த சூட்டோடு நான் சட்டென்று இன்ஜினை அணைக்கும் பழக்கமா என்று கேட்டேன். "இரண்டும் சேர்ந்திருக்கலாம்" என்றார் மாமா. சின்ன டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேலும் போகும், அதற்குக் குளிரக் கொஞ்சம் நேரம் கொடு என்று இப்போது ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புகிறார்.

கம்பெனி கோப்போடுதான் வண்டி ஓடுகிறது. தொப்பூரில் லாரிக்குப் பின்னாலேயே பொறுமையாக ஏறுகிறேன். ஜாப் கார்டுகள் எல்லாம் நகைச் சீட்டுகளோடு அதே உறைக்குள் இருக்கின்றன, மனைவி அதை வேறு யாரையும் தொட விடுவதில்லை.