ஆதிச்சநல்லூரிலிருந்து காருகுறிச்சிக்கு

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆதிச்சநல்லூரில், 2023-இல் திறக்கப்பட்ட களக் காட்சிக்கூடத்தின் கண்ணாடித் தளத்தில் கால் வைக்க எனக்குச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது. காலுக்கு நேர் கீழே, புதைத்தவர்கள் வைத்துச் சென்ற இடத்திலேயே முதுமக்கள் தாழிகள் இருக்கின்றன. 1876-இல் யாகோர் என்னும் ஜெர்மானியர் இங்கே தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்தவை சென்னைக்குப் போயின. இந்த மண்ணின் பொருளை இந்த மண்ணிலேயே பார்க்க முடியவில்லையே என்பது என் நெடுநாள் மனக்குறை.

இங்கே கிடைத்த பொன் பட்டங்களை, அதாவது நெற்றியில் கட்டும் பொன் தகடுகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். என் கண் நிலைத்தது கருப்பு சிவப்புக் கலங்களில்தான். கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் புகாத உட்புறமும் வாய் விளிம்பும் கறுக்க, காற்றுப் பட்ட வெளிப்புறம் மண்ணிலுள்ள இரும்பினால் சிவக்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அந்தத் தொழிலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, பிற்பகலே சேரன்மகாதேவியைத் தாண்டிக் காருகுறிச்சிக்குப் போனேன். நாதசுர மேதை அருணாசலத்தால் பலர் அறிந்த அவ்வூர், கேரளம் வரை சட்டி பானை அனுப்பும் ஊரும் ஆகும்.

ஒரு வீட்டுத் திண்ணையோரம் நிழலில் உலர்ந்துகொண்டிருந்த சட்டிகளுக்கு அடியே இல்லை. "என்ன அண்ணாச்சி, அடி திறந்து கிடக்கே?" என்றேன். "சக்கரத்துல வாயும் தோளும்தான் வரும் தம்பி. அடியைத் தட்டித்தான் மூடணும்" என்ற பெரியவர், அரைகுறையாகக் காய்ந்த ஒன்றை மடியில் வைத்து, இடக்கையால் உள்ளே உருண்டைக் கல்லைக் கொடுத்து, வலக்கையால் வெளியே மரப்பலகையால் தட்டத் தொடங்கினார். ஒவ்வொரு தட்டுக்கும் சட்டி விரற்கடை அளவு திரும்ப, தடித்திருந்த மண் மெலிந்து இறங்கி, நடுவிலிருந்த ஓட்டை கண் மூடுவதைப் போல மூடிக்கொண்டது. கனம் எங்கே மிஞ்சியிருக்கிறது என்பதை அவர் ஓசையைக் கொண்டே அறிந்தார்.

பீங்கானுக்கு வெண்களிமண்ணும் 1,300 டிகிரியை ஒட்டிய வெப்பமும் வேண்டும். இங்கே குளத்து மண், விறகு, வைக்கோல், மேலே மண்பூச்சு ஆகியவை போதும். வெப்பம் 1,000 டிகிரியைத் தொட வேண்டியதில்லை. கறுப்புச் சட்டி எப்படி வருகிறது என்று கேட்டேன். "கடைசியில துவாரத்தையெல்லாம் அடைச்சு, புகையை உள்ளயே நிறுத்திட்டா கறுத்துரும். தெறந்து விட்டா செவப்பு." காலையில் கண்ணாடிக்கு அப்பால் பார்த்த கலங்களின் சூட்சுமம் இவ்வளவு எளிய சொற்களில் என் முன்னே வந்து நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

மீன்குழம்புக்கென்று ஒரு சட்டியைத் தட்டிப் பார்த்துக் கணீரென்று கேட்ட பின்பே வாங்கினேன். "மூணு நாள் வடிகஞ்சி ஊத்தி வச்சு, பொறவு அடுப்புல ஏத்துங்க" என்றார். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, அடிப்புறத்தில் பலகை விழுந்த தழும்புகள் ஒன்றையடுத்து ஒன்றாக விரலுக்குத் தட்டுப்பட்டன.