மாணா: பெருமாளுக்குக் கம்பளி நெய்யும் ஊர்

தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குக் குளிர் புதிதில்லை. மார்கழியில் பக்கத்து மலையூரான பெட்டமுகிலாளம் பக்கம் போனாலே பல் தந்தியடிக்கும். "நம்ம ஊர்ல பார்க்காத குளிரா?" என்று ஒரே ஒரு ஸ்வெட்டரோடு பத்ரிக்குக் கிளம்பிய பெரியம்மா, வண்டியை விட்டு இறங்கியதும் என் சால்வையைப் பிடுங்கிப் போர்த்திக்கொண்டார். அதுவும் ஜூன் மாதத்தில்! பத்ரிநாத் 3,100 மீட்டர் உயரம்.

கீழே அலக்நந்தா பனி உருகி ஓடுகிறது. கரையிலேயே வெந்நீர் ஊற்றான தப்த குண்டத்தில் ஆவி பறக்கிறது. அதில் குளித்துவிட்டுத்தான் தரிசனம். கூட்டம் தள்ளியதில் பெருமாளைச் சேவித்தது ஒரு கணம். அது போதும்.

மாணா அங்கிருந்து 3 கி.மீ., இன்னும் சற்று உயரம். மரம் அரிது. கல் வீடுகளின் வாசலில் வெயில் காய்ந்தபடி பெண்கள் தொப்பி பின்னுகிறார்கள். வெயிலில் முகம் எரிகிறது, நிழலுக்கு நகர்ந்தால் நடுங்குகிறது. கடல் மட்டத்தோடு பார்த்தால் காற்றழுத்தம் மூன்றில் இரண்டு பங்குதான். சரஸ்வதி ஆற்றின் மேல் பாறையே பாலமாகக் கிடக்கும் ‘பீம் புல்’ என்கிற பீமன் பாலத்துக்கு ஏறுவதற்குள் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கோலூன்றி முதுகு வளையுமுன் வதரியை, அதாவது இந்த பத்ரியை, வணங்கிவிடுவோம் என்று திருமங்கையாழ்வார் பாடியது சும்மாவா!

தண்ணீர் இங்கே 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் அரிசி லேசில் வேகாது. களிக்கென்று பெரியம்மா கொண்டுவந்த கேழ்வரகு மாவை டீக்கடைக்காரர் விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, கீழே தன் கிராமத்திலும் இதில்தான் ரொட்டி தட்டுவோம் என்றார். அப்புறம் இருவரும் பாஷை தெரியாமலே சமையல் பேசினார்கள்.

நவம்பரில் நடை சாத்தினால் திறக்க ஏப்ரல் கடைசியோ மே மாதமோ ஆகும். கோயிலில் உள்ள உத்தவர், குபேரர் திருமேனிகள் கீழே உள்ள பாண்டுகேஸ்வரம் என்ற ஊருக்கு இறங்குகின்றன. மாணாக்காரர்களும் ஆடுமாடுகளோடு கீழே போய்விடுகிறார்கள். மூலவர் மட்டும் பனிக்குள். அந்த ஆறு மாதமும் நாரதர் பூஜை செய்வதாக ஐதீகம். சாத்தும் நாளில், மாணாப் பெண்கள் நெய்த கம்பளியில் நெய் தடவிப் பெருமாளுக்குப் போர்த்துகிறார்கள். நடை திறந்ததும் அதுவே பிரசாதம். குளிரை அறிந்தவர்கள் செய்கிற கைங்கரியம் வேறு எப்படி இருக்கும்?

போகிறவர்கள் வழியில் ஜோஷிமட்டில் ஓர் இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு ஏறுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். மழையில் மலை சரிந்து பாதை அடைபடும்.